பெட்டிக்கு ஒரு வயது, உள்ளே இருப்பவற்றுக்கு வேறு வேறு வயது

தலவாக்கலையில் மழைக் காலத்தில் மின்கம்பி மேல் மரக்கிளை விழுவதும், மின்சாரம் போய் வருவதும் புதினமல்ல. ஆனால் மின்சாரம் போய் வந்த ஒவ்வொரு தடவையும் என் தங்கை மகனின் கணினி 2014 ஜனவரி முதலாம் திகதிக்குத் திரும்பிப் போனது. திகதி பிழையாக இருந்ததால் வங்கித் தளமும் மின்னஞ்சலும் திறக்க மறுத்தன. "மாமா, இதுக்கு ஞாபக மறதி வந்திருச்சு" என்று அவன் தொலைபேசியில் சொன்னபோது, மின்சாரம் இல்லாதபோதும் திகதியைக் காக்கும், மதர்போர்டில் (உள்ளே இருக்கும் பிரதான பலகையில்) உள்ள காசு வடிவ மின்கலம் தீர்ந்திருக்கும் என்று நினைத்து, ஹட்டனில் ஒன்றை வாங்கிக்கொண்டு போனேன். பக்க மூடியைக் கழற்றிய பிறகுதான் மின்கலம் எவ்வளவு சிறிய குறை என்பது தெரிந்தது.

உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த கையோடு, வரைகலை வடிவமைப்புப் படிப்பதற்காக அவன் வாங்கிய கணினி அது. பாவித்த கணினிதான், என்றாலும் பெயர் பெற்ற நிறுவனத்தின் கறுப்புப் பெட்டி, முகப்பில் பளபளக்கும் 'ஐ7' ஸ்டிக்கர், உள்ளே தற்காலிக நினைவகமான ரெம் 8 ஜிபி, கோப்புகளைச் சேமிக்கும் ஹார்ட் டிஸ்க் 500 ஜிபி. கடைக்காரர் "பிராண்ட் மெஷின் தம்பி, கண்ண மூடிக்கிட்டு எடுக்கலாம்" என்றாராம். இவனும் அப்படியேதான் எடுத்திருக்கிறான்.

அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை. கணினியின் மூளையான ப்ரொசெசர் உண்மையிலேயே இன்டெல்லின் ஐ7தான். ஆனால் அது ஐ7-4770, அதாவது 2013இல் வெளிவந்த நான்காம் தலைமுறை. ஐ7 என்ற எழுத்துக்குப் பின்னால் வரும் எண்ணின் தொடக்கமே தலைமுறையைச் சொல்லும் என்பதைக் கவனிக்காதவர்கள், 2020இல் வந்த, ஐ7ஐ விடக் கீழ் வரிசையான ஐ3-10100க்கும் இதே நான்கு கோர்களும் (வேலை செய்யும் பகுதிகள்) எட்டு திரெட்களும் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசைகள்) உண்டு என்றால் நம்ப மாட்டார்கள். விண்டோஸ் 11, இன்டெல் வரிசையில் பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ளவற்றை ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவோ 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்துவிட்டது.

பழையது என்பதை மன்னிக்கலாம். பொருந்தாதது என்பதுதான் என்னை உறுத்தியது. பெட்டியின் பின்புறத்துத் தொடரிலக்கத்தை உற்பத்தி நிறுவனத்தின் தளத்தில் இட்டுப் பார்த்தபோது, தொழிற்சாலையை விட்டு வெளியேறிய நாளில் அதற்குள் இருந்தது ஐ3-4130 என்று வந்தது. அந்த ஐ3 வெளியேற்றும் வெப்பம் 54 வாட் அளவுக்கு மதிப்பிடப்பட்டது. ஐ7-4770க்கு அது 84 வாட். யாரோ ப்ரொசெசரை மட்டும் மாற்றி, சிறிய அலுமினிய வெப்பத் தகட்டையும் விசிறியையும் அப்படியே விட்டிருக்கிறார்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்தில், காலையில் கம்பளிச் சட்டையுடன் உட்கார்ந்து வேலை செய்யும் வீட்டில், அந்த ப்ரொசெசர் 95 பாகை வரை சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருந்தது. ப்ரொசெசரின் சூட்டைத் தகட்டுக்குக் கடத்த வேண்டிய, காய்ந்து சுண்ணாம்பாய்ப் போன வெப்பப் பசையை விரல் நகத்தாலேயே சுரண்டி எடுக்க முடிந்தது.

ரெம் கதை வேறு. 4 ஜிபி துண்டுகள் இரண்டு, வெவ்வேறு நிறுவனங்களுடையவை. ஒன்றின் வேகம் 1600, மற்றதன் வேகம் 1333. இப்படிச் சேர்த்தால் இரண்டும் 1333இல்தான் ஓடும். அதற்கும் மேலாக, ப்ரொசெசருக்குப் போகும் இரண்டு பாதைகளில் (சானல்களில்) ஒன்றுக்கே உரிய துளைகளில் இரண்டும் செருகப்பட்டிருந்ததால், இரட்டைச் சானலின் பயனும் கிடைக்கவில்லை. துளையை மாற்றிச் செருக எனக்கு ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. அந்த ஒரு நிமிடத்தை இதற்கு முன் யாரும் செலவிடவில்லை.

ஹார்ட் டிஸ்க்கைப் பார்த்தபோது சிரிப்பே வந்துவிட்டது. மடிக்கணினியிலிருந்து கழற்றிய இரண்டரை அங்குலத் தட்டு, நிமிடத்துக்கு 5400 சுழற்சி. மூன்றரை அங்குல இடத்தில் திருகாணி எதுவுமின்றி, இருபக்கம் ஒட்டும் நாடாவையும் மடித்த அட்டைத் துண்டையும் நம்பி நின்றது. என் அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். ரோலர்கள் எத்தனை இருந்தாலும் டிரையர் சிறியதாக இருந்தால் அரைத்த கொழுந்து காத்துக் கிடந்து அளவுக்கு மீறிப் புளித்துவிடும் என்று அவர் சொல்வார். எட்டு திரெட்களும் அந்தத் தட்டுக்காகத்தான் காத்துக் கிடந்தன. எது எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் ப்ரொசெசர் ஆறு ஏழு வீதத்தில் சும்மா இருக்க, டிஸ்க் நூறு வீதத்தில் நின்றது. ரெம்மின் வேகம், எத்தனை துளைகள் பாவனையில் உள்ளன என்பவற்றையும் அதே திரையில் பார்க்கலாம். பணம் கொடுப்பதற்கு முன் கடையிலேயே அதைத் திறக்கச் சொல்ல எவருக்கும் உரிமை உண்டு.

கடைக்குப் போய்ச் சண்டை பிடிக்கலாம் என்றாள் தங்கை. உத்தரவாதம் எழுதிய துண்டில் 'கணினி ஒன்று' என்பதற்கு மேல் எதுவும் இல்லாததால், அந்தப் பயணச் செலவில் வேறு ஏதாவது வாங்கலாம் என்று நான் தடுத்தேன். சுழலும் தட்டு இல்லாத, வேகமான சேமிப்பகமான 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றும், 1600 வேகத்தில் 4 ஜிபி ரெம் ஒன்றும் ஹட்டனிலேயே கிடைத்தன. அந்தப் பெட்டிக்கே உரிய பெரிய வெப்பத் தகட்டுக்குத்தான் கொழும்பு யூனிட்டி பிளாசா வரை போகும் நண்பர் ஒருவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. இந்த நிறுவனம் திருகாணித் துளைகளைக் கூடத் தன் விருப்பப்படி அமைத்திருந்ததால், சந்தையில் கிடைக்கும் பொதுத் தகடு அதில் உட்காராது. இப்போது சூடு 70 பாகையைத் தாண்டுவதில்லை. விண்டோஸ் 10ஐ அகற்றி லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாமா என்பதில் மட்டும் எனக்கும் அவனுக்கும் இன்னும் உடன்பாடு இல்லை. அவன் படிக்கும் வடிவமைப்பு மென்பொருள் அதில் ஓடாது என்கிறான், அது நியாயமான வாதம்தான்.

மாற்ற முடியாமல் விட்டது மின்வழங்கி. வழமையான 24 முனை இணைப்புக்குப் பதிலாக இதற்கு 8 முனை. அது எரிந்தால் மலையகத்தில் எந்தக் கடையிலும் உடனே மாற்று எடுக்க முடியும் என்று நான் நம்பவில்லை. ஆகவே இடி முழங்கும் ஏப்ரல், ஒக்டோபர் மாதப் பிற்பகல்களில் பிளக்கைக் கழற்றிவிடச் சொல்லியிருக்கிறேன். சென்ற வாரம் அழைத்தபோது, கழற்றிவிட்டுத்தான் பேசுகிறேன் மாமா என்றான். திகதியும் சரியாக நிற்கிறதாம்.