ஐந்து வேளைத் தூரம்

வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தேன். "அப்பா, பாட்டி வீடு எவ்ளோ தூரம்?" என்றாள் மகள். பள்ளியில் எழுதிவரச் சொன்னார்களாம். நான் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் அவளே போனில் தட்டிப் பார்த்துவிட்டாள். டொராண்டோவிலிருந்து சென்னை ஏறத்தாழ 13,400 கி.மீ., விமானத்தில் 17 மணி நேரம்.

"அவ்ளோதானா? அப்ப ஏன் நாம போறதே இல்ல?"

சுருக்கென்றது. பனியை விட்டுவிட்டு உள்ளே போய் பூகோள உருண்டையை எடுத்தேன். இரண்டு ஊருக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்தால் அது ரஷ்யாவைக் குறுக்கே தாண்டி, கிரீன்லாந்தின் மேலேறி வருகிறது. அந்த நூலின் நீளம்தான் 13,400. அந்த வழியில் பறக்க நேரடி விமானமே கிடையாது, அப்புறம் என்ன 17 மணி?

என் கணக்கு வேறு. கும்பகோணத்திலிருந்து மீனம்பாக்கத்துக்குக் காரில் ஏழு மணி நேரம். அங்கே வரிசையில் மூன்று. துபாய்க்கு நாலரை. அங்கே ஏழெட்டு மணி நேரம் தேவுடு காத்து, மறுபடி பதினாலு. 17 எங்கே, 36 எங்கே!

அம்மாவுக்கு இந்த மணிக்கணக்கெல்லாம் ஆகாது. "எத்தனை வேளைக்குக் கட்டணும்?" என்பதுதான் அவளுடைய ஒரே கேள்வி. இட்லியின் இரண்டு பக்கமும் நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடியைத் தடவி, வாட்டிய வாழையிலையில் மடித்து, மேலே செய்தித்தாள் சுற்றிச் சணலால் கட்டுவாள். போன தடவை துபாயில் விடியற்காலை பொட்டலத்தைப் பிரித்தேன். எண்ணெய் ஊறி வரன் தேடும் விளம்பரங்கள் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தன. பக்கத்து நாற்காலியில் போர்வைக்குள்ளிருந்து ஒரு தலை எழுந்தது. "தம்பி, தஞ்சாவூர் பக்கமா?" பட்டுக்கோட்டைக்காரராம். நாலு இட்லி அவருக்குப் போயிற்று. மீதியைக் கிரீன்லாந்துப் பக்கம் எங்கேயோ, விளக்கணைத்த விமானத்தில், வாசனை வெளியே போகாமல் குனிந்து தின்றேன்.

இங்கே குறையொன்றும் இல்லை. ஒன்பது வருஷத்தில் எல்லாம் பழகிவிட்டது. மைனஸ் பதினைந்திலும் குல்லா இல்லாமல் குப்பை போட்டுவிட்டு வருகிறேன். ஸ்கார்பரோவில் ஈழத்தமிழர் கடைகளில் இட்லியும் இடியாப்பமும் சுடச்சுடக் கிடைக்கின்றன. போன வாரம் அப்படி ஒரு கடையில், "இலையில கட்டித் தருவீங்களா?" என்று என்னையறியாமல் கேட்டுவிட்டேன். அந்த அக்கா சிரித்துக்கொண்டே பிளாஸ்டிக் டப்பாவை நீட்டினார்.

ராத்திரி எட்டரைக்கு அம்மாவைக் கூப்பிட்டேன். அங்கே காலை ஏழு, பின்னால் குக்கர் விசில். மகள் நேராகக் கேட்டாள்: "பாட்டி, உங்க வீடு எவ்ளோ தூரம்?"

"அஞ்சு வேளைடா கண்ணு. ஒங்கப்பனுக்கு மட்டும் ஆறா கட்டணும். வழியில யாருக்காவது எடுத்துக் குடுத்துடுவான்."