பீட்டிலுக்கு ஓர் ஒயில் பில்டர்

அப்பா ஓட்டிய 1969ஆம் ஆண்டு வொக்ஸ்வாகன் 1500 பீட்டில் கார். இந்த எஞ்சினில் காகித பில்டர் கிடையாது. அடியில் ஒரு கம்பிவலைச் சல்லடை இருக்கிறது. பெரிய துணுக்கைத் தடுக்கும், பொடியை விட்டுவிடும். தண்ணீரே ஓடாத எஞ்சினுக்கு இரண்டரை லீற்றர் ஒயில்தான் உயிர். கந்தளாய் வரை போய்த் திரும்பி, உவர்மலையில் வீட்டு வாசலில் நிறுத்தினால் ஒயில் அழுத்தம் குறைந்தால் எரியும் விளக்கு மினுங்கத் தொடங்கியிருந்தது.

பெயரிங் மாற்ற எஞ்சினைப் பிரித்தபோது ஒயில் பம்பையும் கழற்றினேன். பம்பின் பற்சக்கரத்துக்கும் மூடிக்கும் நடுவே இடைவெளி 0.1 மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது. என்னுடையதில் 0.15. மூடியின் உட்புறத்தில் பல் தேய்த்த வட்டம் நகத்தில் தட்டுப்பட்டது. புதிய பம்பை வாங்கினேன். மூடி மட்டும் ஒயிலை வெளியே அனுப்பும் வகை. பம்பின் பழைய வெளிவாயை அடைத்தாயிற்று. இனி ஒயில் மூடி வழியாக பில்டருக்குப் போய், வடிந்து, எஞ்சினின் பிரதான ஒயில் பாதைக்குத் திரும்ப வேண்டும்.

அந்தத் திரும்பும் துளைதான் என்னைத் தூங்கவிடாதது. எஞ்சின் கூடு மக்னீசியக் கலவை. கையில் எடுத்தால் லேசு, மரை தவறினால் கூடே வீண். சீவல் தீப்பிடிக்கும் என்பதால் பக்கத்தில் ஒரு வாளி காய்ந்த மணல் வைத்துக்கொண்டேன். 14.5 மில்லிமீற்றர் துளை, பிறகு முக்கால் பங்கு ஆழத்துக்கு 3/8 அங்குலக் கூம்பு மரை. லேத் பட்டறை அண்ணர் அருகிலேயே நின்றார். "தம்பி, அரைச் சுற்று வெட்டினால் கால் சுற்று பின்னால் எடுங்கள். சீவலை உடைத்துவிட்டுப் போங்கள்" என்றார். அப்படியே செய்தேன். வெள்ளி இழை போன்ற சீவல் கிறீஸில் ஒட்டிக்கொண்டு வந்தது. ஒயில் பாதைகளை மண்ணெண்ணெய் விட்டு மூன்று முறை கழுவி, காற்றடித்து, வெள்ளைத் துணியைக் கம்பியில் சுற்றி இழுத்தேன். துணி வெள்ளையாகவே வரும்வரை கூட்டை மூடவில்லை.

பில்டரை இடதுபுறப் பின் மட்காட்டுக்குள், சேறு தெறிக்காத உயரத்தில் பொருத்தினேன். ஹோஸ் சைலன்சரைத் தொடாமல் போகிறது. எஞ்சின் பற்றாமலிருக்கக் கொயில் வயரைக் கழற்றிவிட்டு, விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரால் மட்டும் இடைவிட்டு இடைவிட்டுச் சுற்றினேன். இப்போது ஏறக்குறைய மூன்று லீற்றர் கொள்கிறது.

விளக்கு இப்போது மினுங்குவதில்லை. அது புதிய பம்பின் வேலை; பில்டர் அழுத்தத்தைக் கூட்டாது, சூட்டையும் பெரிதாகக் குறைக்காது. சூட்டுக்கு வேறு வழி பார்க்க வேண்டும். இந்த ஆண்டு வண்டியில் ஒயிலைக் குளிர்விக்கும் கூலர் விசிறியின் காற்றுக்கூட்டின் உள்ளேயே நிற்பதால் மூன்றாம் சிலிண்டருக்குப் போகும் காற்று குறைந்துவிடுகிறது. 1971இல் வொக்ஸ்வாகன் அதைப் பின்னால் ஒதுக்கி வைத்தது. அடுத்த வேலை அதுதான்.

500 கிலோமீற்றரில் முதல் பில்டரைக் கழற்றி வாளால் அறுத்தேன். மடிப்புக் காகிதத்தை நிலாவெளி வெயிலில் விரித்துப் பார்த்தபோது, மடிப்புக்கு மடிப்பு மாவுபோல் மின்னும் பொடி.