ஜாஸ் பேஸும் ஸ்பாஞ்சும்

என்னிடம் இருப்பது ஜாஸ் பேஸ் என்கிற பேஸ் கிட்டார். பிக்கப்புக்கு (கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற காந்தம்) ஒன்றாக இரண்டு வால்யூம், ஒரு டோன், அவ்வளவுதான் குமிழ்கள். இரண்டு வால்யூமையும் முழுசாகத் திறந்தால் மிட் (நடுத்தர ஒலி) கொஞ்சம் உள்வாங்கும், ஹம் என்கிற மின் இரைச்சலும் அடங்கும். பிரிட்ஜ் (உடலில் கம்பிகள் பூட்டும் இடம்) பக்கத்து பிக்கப்பை மட்டும் திறந்து டோனைக் குறைத்தால் மூக்கால் பாடுகிற மாதிரி ஒரு குரல். பேஸ் கலைஞர் ஜாக்கோ பஸ்டோரியஸ் பைத்தியங்களுக்கு அதுதான் சொர்க்கம்.

நான் மோட்டவுன் கட்சி, அதாவது அந்த அமெரிக்க சோல் இசை ரெக்கார்டு கம்பெனியின் சவுண்ட். அங்கே பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் கம்பி அறுந்தால் ஒழிய மாற்றமாட்டாராம்! நமக்கும் வழவழப்பான ஃப்ளாட்வவுண்ட் கம்பிதான். பிரிட்ஜ் ஓரம் பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சை வெட்டிச் செருகியிருக்கிறேன். மெத்தென்று ‘தும் தும்’. சுகம்.

தனியாக வாசிக்கையில் பிரமாதமாக இருக்கும் டோன், டிரம்ஸ் சேர்ந்ததும் காணாமல் போகும். இருப்பதிலேயே தாழ்ந்த லோ ஈ கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸ், சின்ன ஸ்பீக்கரில் அதைத் தேடாதீங்க. ஆம்ப்ளிஃபயரில் பேஸ் குமிழை விட்டுட்டு மிட்டைக் கூட்டிப் பாருங்க.