பதிவேட்டை எழுதியவர் யாரை நினைத்து எழுதினார்?

நூலகத்தில் குடும்ப வரலாற்று நிகழ்ச்சி என்று அறிவித்தால், வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒரு பெயரைத் தேடித்தான் வருகிறார்கள். கொள்ளுத் தாத்தாவின் அப்பா யார், எந்த ஊரிலிருந்து கிளம்பினார், எந்த வருஷம் கிளம்பினார்? கணினியில் பெயரைத் தட்டினால் வம்சாவளி முழுக்கக் கொட்டிவிடும் என்று எங்கோ விளம்பரம் பார்த்திருப்பார்கள். உள்ளூர் வரலாற்றுப் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு அவர்களைக் குறை சொல்ல மனம் வராது. ஆனால் இந்த நிகழ்ச்சிகளை நடத்தி நடத்தி எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. பெயரைத் தேடுவதற்கு முன்னால், அதை எழுதிவைத்த ஆளைப் பற்றி யோசிக்கப் பழக வேண்டும். எந்தப் பதிவேடும் நமக்காக எழுதப்பட்டதில்லை. வரி வாங்க, கப்பலில் ஆள் எண்ண, பட்டாளத்துக்கு ஆள் எடுக்க என்று யாரோ தன் வேலைக்காக எழுதிவைத்ததைத்தான் நாம் இப்போது புரட்டிக்கொண்டிருக்கிறோம்.

இதைப் புரியவைக்க நான் எப்போதும் எடுப்பது எல்லிஸ் தீவு. 1892 முதல் 1954 வரை நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளைச் சோதித்து அனுப்பிய இடம். அங்கிருந்த அதிகாரி வாயில் நுழையாத பெயரைத் தன் இஷ்டத்துக்கு மாற்றி எழுதிவிட்டார் என்ற கதை, அந்த வழியாக வந்தவர்களின் வாரிசுகளிடம் வீட்டுக்கு வீடு இருக்கிறது. நடந்தது வேறு. பயணிகள் பட்டியலைத் தயாரித்தது தீவின் அதிகாரி இல்லை, கப்பல் கம்பெனி. அதுவும் புறப்பட்ட துறைமுகத்திலேயே. திருப்பி அனுப்பப்படுகிற பயணியைக் கம்பெனி தன் செலவில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பதால், கேள்விகளுக்கான பதில்களைக் கவனமாக வாங்கி எழுத அவர்களுக்குக் காரணம் இருந்தது. தீவில் இருந்தவர் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துச் சரிபார்த்தார், அவ்வளவுதான். பெயரை மாற்றிக்கொண்டது பெரும்பாலும் குடியேறியவர்களேதான். ஊரில் இறங்கி, வேலையில் சேர்ந்து, அக்கம்பக்கத்தார் கூப்பிட வசதியாக.

இதைச் சொன்னதும் அரங்கில் சில முகங்கள் வாடும். தாத்தாவின் கதையைப் பிடுங்கிக்கொண்டது போல. அதனால் இப்போதெல்லாம் நான் சொல்வதில்லை. பட்டியலின் ஒரு பக்கத்தைப் பெரிதாக அச்சிட்டுக் கையில் கொடுத்துவிட்டு, கட்டங்களின் தலைப்பை மட்டும் வாசிக்கச் சொல்கிறேன். டிக்கெட்டுக்குப் பணம் கட்டியது யார், கையில் எவ்வளவு இருக்கிறது, யாரிடம் போய்ச் சேரப்போகிறார், எழுதப் படிக்கத் தெரியுமா? பத்து நிமிஷத்தில் அவர்களே கேட்டுவிடுவார்கள்: "இதெல்லாம் கம்பெனிக்கு எதுக்கு?" அந்தக் கேள்வி வந்துவிட்டால் அன்றைய நிகழ்ச்சி நடந்துவிட்டது என்று நான் எடுத்துக்கொள்வேன்.

குடும்ப வரலாற்றையும் ஊர் வரலாற்றையும் தனித்தனி நிகழ்ச்சியாக நடத்தும் நூலகங்கள் நிறைய. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு குடும்பத்தைப் பற்றிய பதிவு எங்கே முட்டி நிற்கிறதோ, அங்கே பக்கத்து வீட்டுக்காரரும் தெருவும்தான் வழி காட்டும். அமெரிக்காவில் சான்போர்ன் கம்பெனி 1867 முதல் தீக்காப்பீட்டுக்காக வரைந்த நகர வரைபடங்களைப் பார்த்தால் நான் சொல்வது புரியும். ஒரு அங்குலத்துக்கு 50 அடி என்ற அளவில் ஒவ்வொரு கட்டடமும் இருக்கும். மரக்கட்டடம் மஞ்சள், செங்கல் இளஞ்சிவப்பு, கல் நீலம். எந்த வீடு சீக்கிரம் பற்றிக்கொள்ளும் என்பதைத் தவிர வேறெதிலும் அந்தக் கம்பெனிக்கு அக்கறை இருந்ததில்லை. ஆனால் பாட்டி பிறந்த வீட்டுக்குப் பின்னால் குதிரை லாயம் இருந்ததா, எதிரில் என்ன பட்டறை இருந்தது என்று இன்று அதில்தான் பார்க்கிறோம்.

எழுதியவருக்கு அக்கறை இல்லாதவர்கள் பதிவில் இருக்க மாட்டார்கள் என்பது இதன் மறுபக்கம். அமெரிக்காவின் 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்குத் தனி அட்டவணை போட்டார்கள். அதில் உரிமையாளரின் பெயர் இருக்கும். அடிமைகள் வயதாகவும் ஆண், பெண் என்ற குறிப்பாகவும் நிறமாகவும் மட்டும் இருப்பார்கள். அந்த மக்களில் பெரும்பாலோர் பெயரோடு வருகிற முதல் கணக்கெடுப்பு 1870-இல்தான். அதற்கு முன்னால் போக வேண்டுமென்றால், யாருக்குச் சொத்தாக இருந்தார்களோ அவர்களின் உயிலையும் கடன் பத்திரத்தையும் புரட்ட வேண்டும். நம்மவர்கள் கதை வேறு மாதிரி. 1860 முதல் 1911 வரை, இன்றைய தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன 1,52,184 பேருக்கும் கப்பல் பட்டியலில் ஆளுக்கொரு எண் உண்டு. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், ஜில்லா எல்லாம் எழுதினார்கள். அன்பினால் இல்லை, ஓடிப்போனால் அடையாளம் தெரிய வேண்டும், ஒப்பந்தம் முடியும்வரை கணக்கு தப்பக்கூடாது. ஊர்ப் பெயரைக் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள் என்பதால் வாய்விட்டு வாசித்துப் பார்க்க வேண்டும். ஊமையாக வாசித்தால் பிடிபடாத ஊர், யாராவது உரக்கப் படிக்கும்போது சட்டென்று பிடிபடும். நூலகத்தில் சத்தம் போடச் சொல்லி நானே கேட்டுக்கொள்கிற ஒரே நேரம் அதுதான்.

எரிந்துபோனவை பற்றியும் சொல்லிவிடுவது நல்லது, வீண் அலைச்சல் மிச்சமாகும். அமெரிக்காவின் 1890 கணக்கெடுப்பில் பெரும்பகுதி 1921 தீவிபத்தோடு சீரழிந்தது. இங்கிலாந்து, வேல்ஸின் 1931 கணக்கெடுப்பு 1942-இல் எரிந்தது. அங்கே 1941-இல் போர் காரணமாகக் கணக்கெடுப்பே இல்லை. அயர்லாந்தின் ஆவணக் காப்பகம் 1922 உள்நாட்டுப் போரில் டப்ளினில் அழிந்தது. வம்சாவளி இணையதளங்களுக்கு எத்தனை சந்தா கட்டினாலும் இவை கிடைக்காது.

இனி வாய்மொழி. எனக்கு மிகவும் பிடித்த நிகழ்ச்சி இதுதான். வீட்டுப் பெரியவரிடம் எப்படிக் கேட்டு எழுதிக்கொள்வது என்று சொல்லித்தரும் பயிலரங்கு. "உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க" என்று ஆரம்பித்தால், "சொல்ல என்ன இருக்கு?" என்றுதான் பதில் வரும். அதனால் நாங்கள் ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலும் கொடுத்து, சின்ன வயதில் இருந்த வீட்டை வரையச் சொல்கிறோம். வாசல் எந்தப் பக்கம், அடுப்பு எங்கே, யார் எங்கே படுத்தீர்கள். ஒருமுறை ஒரு அம்மா நாலு சுவரைப் போட்டுவிட்டு, பின்பக்கத்தில் சின்னதாக ஒரு அறையை வரைந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் அது யாருடைய அறை என்று கேட்டார். பெரியப்பாவுடையது என்றார் அம்மா. அப்படி ஒரு பெரியப்பா இருந்ததே மகளுக்குத் தெரியாது. ஏன் அவருக்கு மட்டும் தனி அறை, ஏன் சாப்பாடு ஜன்னல் வழியாகப் போனது என்று அந்தப் பென்சில் கோட்டைப் பிடித்துக்கொண்டே பேச்சு போனது. காசநோய். வீட்டில் யாரும் வாய்திறக்காத விஷயம். எந்த வம்சாவளிப் படத்திலும் அவருக்குக் கிளை போட்டிருக்கவில்லை, அவருக்குப் பிள்ளைகள் இல்லை என்பதால்.

இந்த மாதிரி நேரத்தில் நூலகர் என்ன செய்ய வேண்டும் என்று எந்தப் படிப்பிலும் சொல்லித்தரவில்லை. ஒலிப்பதிவை நிறுத்தட்டுமா என்று கேட்கலாம், தண்ணீர் கொண்டுவந்து வைக்கலாம். டி.என்.ஏ. பரிசோதனை பரவலான பிறகு இது இன்னும் கூடியிருக்கிறது. முடிவைத் திறந்து பார்த்தால் முன்பின் தெரியாத ஒருவர் அரைச் சகோதரர் என்று வந்து நிற்பார். அதனால் யாருடைய முடிவையும் அரங்கில் திரையில் போட்டுக் காட்டுவதில்லை என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். விளக்குவதற்கு மாதிரிப் படங்கள் போதும்.

ராஜ பரம்பரை கேட்டு வருகிறவர்களும் உண்டு. அவர்களிடம் நான் வாதாடுவதில்லை, பெருக்கச் சொல்கிறேன். பெற்றோர் 2, தாத்தா பாட்டிமார் 4. இப்படியே போனால் பத்தாவது தலைமுறையில் 1,024 பேர், இருபதாவதில் பத்து லட்சத்துக்கு மேல், முப்பதாவதில் நூறு கோடியைத் தாண்டும். அந்தக் காலத்து உலகத்திலேயே அத்தனை பேர் இல்லை. ஒரே ஆட்கள்தான் திரும்பத் திரும்ப வெவ்வேறு கிளைகளில் வருகிறார்கள். ஆக, தூரத்தில் ஒரு ராஜா இருந்திருக்கலாம். அவர் பக்கத்து நாற்காலிக்காரருக்கும் மூதாதையாக இருந்திருக்கலாம். பெரும்பாலும் சிரித்துவிடுவார்கள். கோபித்துக்கொண்டு எழுந்துபோனவர்களும் உண்டு, சரி.

நிர்வாகத்துக்கு அனுப்பும் அறிக்கையில் ஒரே ஒரு எண்ணுக்குத்தான் கட்டம் இருக்கிறது: எத்தனை பேர் வந்தார்கள்? பேச்சாளரை அழைத்து உரை வைத்தால் அரங்கு நிறையும், அறிக்கை நன்றாக இருக்கும். உதவி மேசை போட்டு ஒவ்வொருவராக உட்கார்ந்து பார்த்தால் ஒரு மதியத்துக்கு ஆறேழு பேரைத் தாண்டாது. எதில் வேலை நடக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் உரைகளையும் விடாமல் வைத்துக்கொண்டிருக்கிறேன், மேசைக்கான ஆட்கள் அங்கிருந்துதான் வருகிறார்கள்.

நிகழ்ச்சி முடிந்த வாரங்களில் பெட்டிகள் வர ஆரம்பிக்கும். பரணில் கிடந்ததெல்லாம். பசை தடவிய அட்டையில் பிளாஸ்டிக் தாள் மூடிய ஆல்பங்கள்தான் அதிகத் தொல்லை. படத்தைப் பிய்த்தால் கிழியும், பல் இடுக்கு சுத்தம் செய்யும் நூலை அடியில் விட்டு மெல்ல அறுத்து எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் வாங்கி வைக்க எங்களிடம் அலமாரியும் இல்லை, ஆளும் இல்லை. வாங்கிக்கொண்டு மூலையில் போடுவதைவிட வேண்டாம் என்று சொல்வதே மரியாதை என்பது என் கட்சி. சக ஊழியர்களில் பாதிப்பேர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போதைக்கு ஒரு சமரசம். படத்தை ஸ்கேன் செய்து, அதில் இருப்பவர்களின் பெயர்களைச் சொந்தக்காரர் வாயாலேயே கேட்டு எழுதிக்கொண்டு, யார் யார் பார்க்கலாம் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கி, அசலை அன்றே திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். அடுத்த அறிவிப்பிலேயே அச்சிட்டும் விட்டோம்: ஆல்பத்தோடு வாருங்கள், ஆல்பத்தோடு திரும்பிப் போங்கள்.