திடல் சும்மா கிடக்கவில்லை

இங்கே சிங்கப்பூரில் புல்தரையைப் பார்த்தால் சிலருக்கு அதில் காரை ஏற்றத்தான் தோன்றுகிறது. கல்யாணம், கிரகப்பிரவேசம், கோவில் திருவிழா, பெருநாள் எதுவானாலும் சரி, கார் பார்க் வாசலில் நாலு கார் வரிசையாக நின்றால் போதும், ஐந்தாவது ஆள் பொறுமை இழந்து பக்கத்துப் புல்லில் ஏற்றிவிடுவார். அவர் ஏற்றியதைப் பார்த்துப் பின்னாலேயே பத்துப் பேர். புல்லில் நிறுத்துவது குற்றம், சம்மன் வரும் என்று தெரியாமல் இல்லை. பண்டிகை நாளில் யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்ற தைரியம்தான்.

இதுவரை திருட்டுத்தனமாக நடந்ததை இப்போது முறையாகவே செய்யலாம் என்கிறார்கள். எங்கள் வீடமைப்புப் பேட்டையில் குடியிருப்பாளர் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, அடுக்குமாடி புளோக்குக்குப் பின்னால் உள்ள திடல் சும்மாதானே கிடக்கிறது, தீபாவளி, சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் சமயத்தில் விருந்தாளிகளின் கார்களுக்கு அதைத் திறந்துவிட்டால் என்ன என்று கேட்டார். பலர் தலையாட்டினார்கள். நான் மறுத்துப் பேசியதும், "ஏம்மா, ஒரு நாளைக்குத்தானே, புல்லு திரும்ப முளைக்காதா?" என்றார் பக்கத்தில் இருந்த அண்ணன். கேட்டவர்கள் சிரித்தார்கள்.

புல் முளைக்கும். பிரச்சினை புல்லில் இல்லை, மண்ணில் இருக்கிறது.

சாதாரணக் கார் ஒன்றின் எடை ஒரு டன்னுக்கு மேல். சொந்தங்கள் ஏழு பேரை ஏற்றிக்கொண்டு வரும் எம்பிவி மாதிரிப் பெரிய வண்டி என்றால் இன்னும் அதிகம். தீபாவளி வருவதோ அக்டோபர், நவம்பரில், தினமும் மத்தியானம் இடி இடித்து மழை கொட்டும் நேரம். நம் ஊர்க் களிமண் ஈரமாக இருக்கும்போது டயர் ஏறினால் மண்ணுக்குள் இருக்கும் காற்று இடைவெளியெல்லாம் நசுங்கிப்போகும். அப்புறம் தண்ணீரும் இறங்காது, வேருக்குக் காற்றும் கிடைக்காது. மரத்தின் வேர் ஆழமாகப் போகும் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் உணவையும் நீரையும் உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், அரை மீட்டர் ஆழத்துக்குள்ளேயே பரவிக் கிடக்கிறது. எங்கள் திடல் ஓரத்தில் நிற்கும் தூங்குமூஞ்சி மரங்களின் நிழலில்தான் எல்லாரும் முதலில் இடம் பிடிக்கிறார்கள், காருக்கு வெயில் படக்கூடாதாம். மரம் மறுநாளே வாடிவிடாது. உச்சிக் கிளை காய்வதற்குள் சில வருடம் ஓடிவிடும், அதற்குள் காரணம் யாருக்கு ஞாபகம் இருக்கும்? "வயசான மரம், ஆபத்து" என்று ஒரு நாள் வெட்டிவிட்டுப் போவார்கள்.

சந்தேகம் இருந்தால் பழைய திறந்தவெளிக் கார் பார்க் ஏதாவது ஒன்றில் மரத்தடியைப் போய்ப் பாருங்கள். அடிமரத்தைச் சுற்றித் துளை போட்ட காங்கிரீட் பலகைகள் பதித்திருக்கும், துளைகள் வழியே புல் எட்டிப் பார்க்கும். காரின் பாரத்தைப் பலகை தாங்கிக்கொள்ள, வேருக்குக் காற்றும் மழையும் போவதற்கான ஏற்பாடு அது. 1963 ஜூன் 16 அன்று ஃபேரர் சர்க்கஸ் என்ற சாலை ரவுண்டானாவில் அன்றைய பிரதமர் லீ குவான் யூ ஒரு மெம்பாட் மரத்தை நட்டுத் தொடங்கிய மரம் நடும் காரியம், 1975இல் பூங்கா, மரங்கள் சட்டம் வந்தபோது வீடமைப்புப் பேட்டை, சாலை, கார் பார்க் எது கட்டினாலும் மரத்துக்கு இடம் விட வேண்டும் என்கிற அளவுக்குப் போனது. அன்று கார் பார்க்குக்குள் மரத்தைக் கொண்டுவரச் சட்டம் போட்டார்கள், நாம் இன்று மரத்தடிக்குக் காரைக் கொண்டுவர அனுமதி கேட்கிறோம்.

மழைக்கு அடுத்த நாள் திடலில் நடந்து பார்த்திருக்கிறீர்களா? போன தீபாவளிக்கு மறுநாள் டயர் பதிந்த இரட்டைப் பள்ளம் கணுக்கால் ஆழத்துக்குக் கிடந்தது, மஞ்சள் தண்ணீர் நிறைந்து, ஓரத்தில் பிய்ந்த புல் பாய் மாதிரிச் சுருண்டு. காய்ந்த பிறகு அது கல்லாக இறுகிவிட்டது. பந்து விளையாடிய பையன் ஒருவன் அதில் காலை மடக்கி விழுந்தான். பாவம், இந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள்? புளோக்கின் அடியில் திறந்து கிடக்கும் வாய்ட் டெக்கில் பந்து விளையாடக்கூடாது என்று போர்டு. இருக்கிற ஒரே இடம் இந்தத் திடல். காலையில் தைச்சி உடற்பயிற்சி செய்யும் ஆன்ட்டிகள், ஞாயிற்றுக்கிழமை பிளாஸ்டிக் பெட்டியை ஸ்டம்பாக வைத்துக் கிரிக்கெட் ஆடும் ஊழியர் தம்பிகள், எதையும் செய்யாமல் சும்மா உட்கார வரும் நான். இதைத்தான் சும்மா கிடக்கிறது என்கிறார்கள்.

சரி, கார்களுக்கு உண்மையிலேயே இடமில்லையா? எங்கள் பல மாடிக் கார் பார்க்கில் தீபாவளி மத்தியானம் ஏறிப் பார்த்தேன். கீழ்த் தளங்கள் நெருக்கியடித்துக் கிடந்தன, மேலே போகப்போக ஓட்டை ஓட்டையாக இடம், மொட்டைமாடியில் வெயில்தான் இருந்தது. இது எங்கள் பேட்டைக்கு மட்டும் உரிய அதிசயம் இல்லை. 2020இல் சிங்கப்பூர் உணவு அமைப்பு, வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் பல மாடிக் கார் பார்க்குகளின் மொட்டைமாடிகளில் ஒன்பது இடங்களைக் காய்கறிப் பண்ணை போட ஏலக்குத்தகைக்கு விட்டது. அவ்வளவாகப் பயன்படாத தளத்தைக் கீரை வளர்க்கக் கொடுத்தார்கள். கீரை மேலே, கார் புல்லில், என்ன கணக்கோ இது.

காசும் காரணம் இல்லை. ஞாயிறு, பொது விடுமுறை நாட்களில் பெரும்பாலான வீவக கார் பார்க்குகளில் காலை 7 மணியிலிருந்து இரவு 10.30 வரை இலவசம். தீபாவளியும் அதில் அடக்கம். மற்ற நாட்களில் நகர மையத்துக்கு வெளியே அரை மணி நேரத்துக்கு 60 காசு. 2023இல் கார் வைத்துக்கொள்ளும் உரிமைச் சான்றிதழான சிஓஇயின் விலை ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டியபோதும் கார் வாங்கினார்கள், அவர்களால் 60 காசு கொடுக்க முடியாதா என்ன? லிஃப்ட்டுக்குக் காத்திருக்க மனமில்லை, பட்டுப்புடவையோடு நூறு அடி நடக்க மனமில்லை, அவ்வளவுதான்.

வயதானவர்களை என்ன செய்வது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. எங்கள் பாட்டியும் சக்கர நாற்காலிதான். புளோக்கின் முன்னால் இறக்கிவிடக் கூரை போட்ட இடம் இருக்கிறது, பாட்டியை அங்கே இறக்கிவிட்டு, ஓட்டுபவர் மேலே போய் நிறுத்திவிட்டு வரலாம். ஈரத் திடலில் சக்கர நாற்காலியைத் தள்ளிப் பார்த்தவர்களுக்கு எது வசதி என்று தெரியும்.

இதில் ஒரு சிக்கல் மட்டும் நிஜம். கார் பார்க்கில் சிவப்புக் கட்டங்கள் மாதக் கட்டணம் கட்டி சீசன் பார்க்கிங் வைத்திருப்பவர்களுக்கானவை, விருந்தாளி வெள்ளைக் கட்டத்தில்தான் நிறுத்த வேண்டும், அதைத் தேடி அலையும்போதுதான் பொறுமை போகிறது. கேட்பதானால் இதைக் கேட்போம்: பண்டிகை நாட்களில் மேல்தளத்துச் சிவப்புக் கட்டங்களில் கொஞ்சத்தை விருந்தாளிகளுக்கு விட முடியுமா? கீழே நுழையும் இடத்திலேயே "மேலே இடம் உண்டு" என்று நாலு மொழியிலும் ஒரு போர்டு வைக்க முடியுமா? திடலைத் திறப்பதைவிட இதற்குச் செலவு குறைவு. நான் இதை எழுதி அனுப்பியிருக்கிறேன், கூடக் கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் சொல்லுங்கள்.

தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வரும் சொந்தங்களே, ஐந்தாம் தளத்துக்குப் போங்கள், லிஃப்ட் வலது கைப்பக்கம்.