சைனஸ் கல்ச்சர்: எங்கிருந்து எடுத்தார்கள் என்று கேளுங்கள்

கன்னத்தில் பாரம், தொண்டைக்குள் இறங்கும் மஞ்சள் சளி, வாசனையே தெரியாத மூக்கு. 12 வாரம் தாண்டினால் நாள்பட்ட சைனஸ் என்பார்கள். நான் அதைத் தாண்டி வெகுநாள் ஆகிவிட்டது. இந்த நிலையில் கல்ச்சர் (என்ன கிருமி இருக்கிறது என்று வளர்த்துப் பார்க்கும் சோதனை) செய்து லேப் கொடுத்த ரிப்போர்ட்: ‘நார்மல் ஃப்ளோரா’, அதாவது வழக்கமாக இருக்கும் கிருமிகள்தான். எரிச்சல் வருமா வராதா?

வராமல் என்ன செய்யும்! லேபில் இருந்தவர் ஸ்வாப் என்ற பஞ்சுக் குச்சியை மூக்கு நுனிக்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார், முடிந்தது. “இன்னும் உள்ளே போக வேண்டாமா?” என்றதற்கு “இவ்வளவுதான் சார்” என்று பதில். மூக்கின் முன்பக்கத்தில் எல்லோருக்கும் இருக்கும் ஸ்டஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்ற கிருமிதான் அதில் வளர்ந்திருந்தது. சைனஸுக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு அது அத்தாட்சியே இல்லை.

அடுத்துப் பார்த்த இ.என்.டி. டாக்டர் எடுத்த எடுப்பில் கேட்டது, “கடைசியாக ஆன்டிபயாடிக் எப்போது போட்டீர்கள்?” மருந்து உடம்பில் இருக்கும்போது எடுத்தால் கிருமி இருந்தும் வளராமல் போகலாமாம். சரி என்று காத்திருந்து போனேன். கன்னத்தில் ஊசி குத்துவார்களோ என்று பயந்திருந்தேன். பெரும்பாலும் அது தேவைப்படாது என்றார். மரத்துப்போக ஸ்ப்ரே அடித்து எண்டோஸ்கோப்பை விட்டார். மூக்குக்குள் உள்ள நடு மடலுக்கு அடியில், சைனஸ் திறக்கும் இடத்தில், நூலாகச் சீழ் வழிவது திரையில் தெரிந்தது. மூக்குச் சுவரில் படாமல் அங்கேயே போய் உறிஞ்சி, சின்ன பாட்டிலில் பிடித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது, வலி அதிகமில்லை.

கூத்து லேப் கவுண்டரில்தான். “சைனஸ் சீழ் என்று கம்ப்யூட்டரில் இல்லை, மூக்கு ஸ்வாப் என்று போடுகிறேன்” என்றார் அந்த அம்மா. அப்படிப் போட்டால் மூக்கில் இருக்கும் சாதாரணக் கிருமி என்று நினைத்து மறுபடி அதே நார்மல் ஃப்ளோராதான்! போதாததற்கு பாட்டிலை ஃபிரிட்ஜில் வைக்கப் போனார். டாக்டர் அனேரோபிக் கல்ச்சரும் (காற்றில்லாமல் வளரும் கிருமிகளுக்கானது) எழுதியிருந்தார். காற்றுப் பட்டாலே சாகும் கிருமிகள் அவை, குளிரும் ஆகாது. மைக்ரோபயாலஜி டாக்டரைக் கூப்பிடாமல் நகரமாட்டேன் என்று நின்றேன். அவர் வந்து, எடுத்த இடத்தைக் கையாலேயே எழுதி, உடனே உள்ளே கொண்டுபோனார்.

சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியா வளர்ந்தது. அதுவரை நான் விழுங்கிய அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் என்ற ஆன்டிபயாடிக் அதைத் தொடவே தொடாது!

இன்னொன்று: முதலில் வருவது இடைக்கால ரிப்போர்ட். அனேரோபிக் முடிவுக்கு இன்னும் சில நாள் ஆகும், பூஞ்சை கல்ச்சருக்கு வாரக்கணக்கில். கடைசி ரிப்போர்ட்டை நீங்களே போய்க் கேட்டு வாங்குங்கள், தானாக யாரும் கூப்பிடுவதில்லை.