441 மீட்டர் கம்பி

பொறியியல் முதல் வருஷம். பிசிக்ஸ் பிராக்டிகலுக்கு முந்தின ராத்திரி, மணி பதினொன்றரை. ரெக்கார்டு நோட்டில் என் பெயரும் ரோல் நம்பரும் மட்டும் முத்து முத்தாக இருந்தன. எட்டு எக்ஸ்பெரிமென்ட் பாக்கி. காலையில் ரெக்கார்டின் போனஃபைடு சான்றிதழ் பக்கத்தில் துறைத் தலைவர் கையெழுத்து விழாவிட்டால் லேப் வாசலை மிதிக்க முடியாது.

லேபில் ரீடிங் குறித்த அப்சர்வேஷன் நோட்டு இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. மெஸ் சாம்பார் கொட்டியதில் ரீடிங் எது, பருப்பு எது என்று தெரியவில்லை.

ஒரு சீனியர் அண்ணன் கையில் காலில் விழுந்து அவருடைய பழைய ரெக்கார்டை வாங்கி வந்தேன். கோடு போட்ட பக்கம் பேனா, வெள்ளைப் பக்கம் பென்சில். ரெண்டு மணிக்கு மேல் கைதான் எழுதியது, நான் தூங்கிவிட்டேன். ரூம்மேட்டுகள் நாலு பேரும் என் நோட்டைப் பார்த்து எழுதினார்கள்.

அதில் ஒன்று ஏர் வெட்ஜ். இரண்டு கண்ணாடித் தகடுகளை ஒரு முனையில் ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கி, மறுமுனையில் மெல்லிய கம்பியைச் செருகி, சோடியம் விளக்கு வெளிச்சத்தில் தெரியும் கோடுகளை மைக்ராஸ்கோப்பில் அளந்து, கம்பியின் தடிமனைக் கண்டுபிடிக்கவேண்டும். அந்த விளக்கு சிவப்பிலிருந்து முழு மஞ்சளுக்கு வரவே சில நிமிஷம் ஆகும். இருட்டறை வேறு. லேபிலேயே நான் நிம்மதியாகக் கண்ணயர்ந்த இடம் அதுதான்.

காலையில் கையெழுத்து எப்படியோ விழுந்துவிட்டது. வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், வெளியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் என் ரெக்கார்டைப் புரட்டியவர், ஒரு பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டார்.

"தம்பி, கம்பியோட தடிமன் எவ்வளவு?"

எட்டிப் பார்த்துப் படித்தேன். "4.2 இன்டு 105 மீட்டர், சார்."

சீனியர் நோட்டில் பத்தின் தலைமேல் சின்னதாக இருந்த மைனஸ் அஞ்சு (10⁻⁵, அதாவது லட்சத்தில் ஒரு பங்கு), என் தூக்கத்தில் மைனஸை உதிர்த்துவிட்டுக் கீழே இறங்கி உட்கார்ந்திருக்கிறது.

அவர் நிதானமாகக் கால்குலேட்டரைத் தட்டினார். "441 மீட்டர். மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. பில்டிங்கே 54 மீட்டர்தான். எட்டு எல்.ஐ.சி.யை அடுக்கினாலும் உங்க கம்பிக்குப் பத்தாது. இதை எப்படிப்பா ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல செருகினீங்க?"

"ரப்பர் பேண்ட் போட்டு, சார்."

வேறு என்ன சொல்ல? உண்மை அதுதானே.

பின்னால் நின்ற ரூம்மேட்டுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவசரமாகப் பேனாவை எடுத்துத் தன் நோட்டில் விட்டுப்போன மைனஸைப் போட்டான். போட்ட இடம்தான் தப்பு. அவன் முறை வந்தபோது கம்பியின் தடிமன் மைனஸ் 4.2 இன்டு 105 மீட்டர்.

எக்ஸ்டர்னல் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "அவன் கம்பியாவது கண்ணுக்குத் தெரியும். உன்னோடது இல்லவே இல்லாததைவிடக் கம்மியா இருக்கேப்பா!"

மற்ற மூன்று நோட்டுகளையும் வாங்கிப் பார்த்தார். அங்கேயும் 105.

"இதை முதல்ல எழுதின மகான் யாரு?"

நாலு விரல்கள் ஒரே நேரத்தில் என் பக்கம் நீண்டன.